‘பிரேக்த்ரூ’ என்ற சொல் வந்தால்: மொழிபெயர்ப்புக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆங்கிலச் செய்தியைத் தமிழில் எழுதும் வேலைக்கு வருகிறவர்களை முதல் வாரத்திலேயே திணறடிக்கும் சொற்களில் ஒன்று ‘பிரேக்த்ரூ’ (breakthrough). அறிவியல் செய்தியில் அது வரும். கொலை வழக்கில் வரும். கிரிக்கெட் வர்ணனையிலும் சமாதானப் பேச்சுவார்த்தையிலும் சுரங்கப் பாதையிலும் வரும். அகராதியைப் புரட்டினால் ‘திடீர் முன்னேற்றம்’, ‘திருப்புமுனை’ என்று இரண்டு பொருள் கிடைக்கும். அந்த இரண்டையும் எல்லா இடத்திலும் ஒட்டவைத்தால் ‘கொலை வழக்கில் திடீர் முன்னேற்றம்’ போன்ற உயிரற்ற தலைப்புகள் பிறக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மருத்துவச் செய்தியில் இதே பழக்கம் தொடர்ந்தால் பொருளே தலைகீழாகிவிடும். அதனால்தான் இந்த ஒரு சொல்லுக்கு இத்தனை நீளமாக எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

வரிசையாகச் சில கேள்விகளைக் கேட்டுக்கொண்டு போனால் எந்த வாக்கியத்திலும் சரியான தமிழ் கிடைத்துவிடும். அந்தக் கேள்விகளைத்தான் கீழே தருகிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது. முதல் கேள்விதான் பாதி வேலையை முடிக்கிறது.

முதல் கேள்வி: எந்தச் சுவர்?

இந்தச் சொல்லுக்குள் ஒரு சுவர் இருக்கிறது. எதையோ உடைத்துக்கொண்டு மறுபக்கம் போவதுதான் அதன் நேர்ப்பொருள். முதல் உலகப் போர்க் காலத்தில் ராணுவச் சொல்லாகப் பரவி, பிறகுதான் அறிவியலுக்கும் பிற துறைகளுக்கும் போனது. அந்தப் போரில் மேற்கு முனையில் வட கடலிலிருந்து சுவிட்சர்லாந்து எல்லைவரை இரு தரப்பும் பதுங்குகுழி வெட்டி உட்கார்ந்துவிட்டன. எதிரியின் வரிசையை எங்காவது ஓரிடத்தில் உடைத்துப் பின்னால் போய்விட வேண்டும் என்பதே தளபதிகளின் ஒரே கனவு. 1916 ஜூலை 1 அன்று சோம் ஆற்றருகே பிரிட்டிஷ் படை அப்படி உடைக்கப் பார்த்தது. ஒரே நாளில் 57,000 பேருக்கு மேல் மாண்டும் காயமுற்றும் போனார்கள், வரிசை உடையவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்பு கிழக்கு முனையில் ரஷ்யத் தளபதி புருசிலோவ் ஆஸ்திரிய, ஹங்கேரியப் படைகளின் வரிசையை உண்மையிலேயே உடைத்துக்கொண்டு போனார். ரஷ்யர்கள் அந்தப் போரை இன்றும் ‘புருசிலோவின் உடைப்பு’ என்ற பொருளில்தான் அழைக்கிறார்கள்.

அரணை வளைத்துக் கைப்பற்றுவதைப் பாட நம் புலவர்கள் உழிஞை என்று தனித் திணையே வைத்திருந்தார்கள். ஆகவே இந்தக் கருத்து நமக்குப் புதிதல்ல. அரண் இல்லாத ஊருக்குள் நுழைவது உழிஞை ஆகாது என்பது எப்படியோ, தடை இல்லாத இடத்தில் நடந்த முன்னேற்றம் பிரேக்த்ரூ ஆகாது என்பதும் அப்படியே.

எனவே ஆங்கில வாக்கியம் கையில் வந்ததும் பேனாவைத் தொடுவதற்கு முன் கேளுங்கள்: இங்கே வழியை மறித்துக்கொண்டிருந்தது எது? அது கிடைத்துவிட்டால் தமிழ் வாக்கியம் தானாக அமையும். ‘பிரேக்த்ரூ’ என்பதற்கு ஒரு சொல்லைத் தேடி அலைவதை அன்றோடு நிறுத்திவிடலாம்.

ஓர் உதாரணத்தை நெருங்கிப் பார்ப்போம். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1966இல் ஐ.ஆர்.8 என்ற நெல் ரகத்தை வெளியிட்டது. தமிழ்நாட்டு விவசாயக் குடும்பங்களில் பெரியவர்களைக் கேட்டால் ‘ஐ.ஆர். எட்டு’ என்று உடனே சொல்வார்கள். ஆங்கிலக் கட்டுரைகள் இதை நெல் விளைச்சலில் ஒரு பிரேக்த்ரூ என்கின்றன. புதியவர் ஒருவர் இதை ‘நெல் உற்பத்தியில் திடீர் முன்னேற்றம் ஏற்பட்டது’ என்று எழுதுவார். தவறில்லை, ஆனால் வாசகருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இப்போது சுவரைத் தேடுங்கள். பழைய நெல் ரகங்கள் நெட்டையானவை. விளைச்சலைக் கூட்ட வேண்டும் என்று தழைச்சத்து உரத்தை அதிகம் போட்டால் பயிர் இன்னும் உயரமாக வளரும், கதிர் கனக்கும், ஒரு காற்றுக்கும் மழைக்கும் தாங்காமல் வயலில் படுத்துவிடும். சாய்ந்த பயிரில் விளைச்சல் போய்விடும். உரம் போட்டாலும் பலன் இல்லை, போடாவிட்டாலும் பலன் இல்லை. இதுதான் சுவர். தைவானின் ‘டீ-ஜியோ-வூ-ஜென்’ என்ற குட்டை ரகத்தையும் இந்தோனேசியாவின் ‘பேட்டா’ என்ற நெட்டை ரகத்தையும் ஒட்டுச் சேர்த்துப் பிறந்தது ஐ.ஆர்.8. தண்டு குட்டை, உறுதியானது. உரத்தை வாங்கி உயரமாகப் போகாமல் நெல்லாக மாற்றியது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு வாக்கியம் இப்படி வரும்: ‘உரம் போட்டால் சாய்ந்துவிடும் என்று நெல்லுக்கு இருந்த வரம்பை ஐ.ஆர்.8 உடைத்தது.’ முன்னேற்றம் என்ற சொல்லே வேண்டியிருக்கவில்லை, பாருங்கள். எது தடையாக இருந்தது, அது எப்படி நீங்கியது என்ற இரண்டும் வாக்கியத்துக்குள் வந்துவிட்டன.

தேடியும் சுவர் கிடைக்கவில்லை என்றால்? மூலத்தை எழுதியவர் மிகைப்படுத்தியிருக்கிறார் என்று பொருள். ஒரு கைப்பேசி நிறுவனம் தன் புதிய கேமராவைப் பிரேக்த்ரூ என்று சொன்னால் அது விளம்பரம். நீங்கள் ‘மேம்பட்ட கேமரா’ என்று எழுதினால் போதும். நிறுவனத்தின் வாய்ச்சொல்லாகவே அதைக் காட்ட வேண்டிய அவசியம் இருந்தால் ‘என்று நிறுவனம் கூறுகிறது’ என்று சேர்த்துவிடுங்கள்.

இரண்டாவது: உடைத்தது யார்?

பெரும்பாலான புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இது. பிரேக்த்ரூ என்றாலே நல்ல செய்தி என்று மனம் எண்ணிக்கொள்கிறது. சொல்லுக்கு நல்லது கெட்டது தெரியாது. உடைத்துக்கொண்டு வருவது எதிரியாகவும் இருக்கலாம்.

2021இல் கொரோனாவின் டெல்டா அலை வீசியபோது ‘பிரேக்த்ரூ இன்ஃபெக்‌ஷன்’ என்ற தொடர் எல்லா ஆங்கில நாளிதழ்களிலும் வந்தது. தடுப்பூசி போட்டுக்கொண்ட ஒருவருக்கும் தொற்று வந்தால் அதற்கு அந்தப் பெயர். இங்கே சுவர் தடுப்பூசி, உடைத்துக்கொண்டு வந்தது கிருமி. இதைத் ‘திருப்புமுனைத் தொற்று’ என்று எழுதினால் வாசகர் என்ன புரிந்துகொள்வார்? ‘தடுப்பூசியை மீறிய தொற்று’ என்று எழுதினால் பள்ளிக் குழந்தைக்கும் புரியும். ‘தடுப்பூசி போட்ட பிறகும் வந்த தொற்று’ என்பது இன்னும் எளிது.

மருத்துவத்தில் இதே வகையில் வேறு சில தொடர்களும் இருக்கின்றன. புற்றுநோயாளிகளுக்கு நேரம் தவறாமல் வலி மருந்து கொடுத்துவரும்போதே இடையில் திடீரென்று கடுமையாக வலி கிளம்புவதுண்டு. அதற்குப் ‘பிரேக்த்ரூ பெய்ன்’ என்று பெயர். ‘மருந்தை மீறி எழும் வலி’ என்று எழுதுங்கள். வலிப்பு நோய் மருந்தில் கட்டுக்குள் இருந்த ஒருவருக்கு மறுபடி வலிப்பு வந்தால் ‘பிரேக்த்ரூ சீஷர்’ என்பார்கள். கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள்ளும் பெண்ணுக்கு மாதவிடாய் நாள் அல்லாத நாளில் வரும் ரத்தப்போக்குக்கும் பிரேக்த்ரூ என்ற அடைமொழி உண்டு. ‘இடையில் வரும் ரத்தப்போக்கு’ என்பதே அதற்குத் தெளிவான தமிழ். இவை எல்லாவற்றுக்கும் ‘மீறிய’, ‘மீறி வரும்’ என்ற ஒரே சாவி பொருந்துகிறது. ஒரு நோயாளியோ அவருடைய மகளோ இந்தக் கட்டுரையைப் படித்து முடிவெடுக்கக்கூடும் என்பதை நினைத்துக்கொண்டு எழுத வேண்டிய இடங்கள் இவை.

தண்ணீர்ச் சுத்திகரிப்பிலும் இதே கதைதான். கரி நிரப்பிய வடிகட்டி மாசுகளை ஈர்த்துக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் கரி நிறைந்துபோய், மாசு மறுபக்கம் வெளியேறத் தொடங்கும். அந்தத் தருணத்தைப் பொறியாளர்கள் பிரேக்த்ரூ என்கிறார்கள். வடிகட்டியை மாற்றச் சொல்லும் எச்சரிக்கை அது. ‘வடிகட்டியில் திருப்புமுனை’ என்று எழுதிவிடாதீர்கள்.

மூன்றாவது: அந்தத் துறைக்காரர்கள் தமிழில் என்ன சொல்கிறார்கள்?

நல்ல செய்திதான் என்று உறுதியான பிறகும் பொதுச் சொல்லுக்குப் போகாதீர்கள். ஒவ்வொரு துறையிலும் தமிழில் ஏற்கெனவே பழகிய தொடர் காத்துக்கொண்டிருக்கிறது.

காவல்துறைச் செய்தியில் ‘துப்பு துலங்கியது’. இதைவிடப் பொருத்தமான மொழிபெயர்ப்பு இந்தச் சொல்லுக்கு எந்தத் துறையிலும் அமையவில்லை என்பது என் கருத்து. மாதக்கணக்கில் இருட்டில் இருந்த வழக்கில் வெளிச்சம் விழுவதை அந்த இரண்டு சொற்கள் சொல்லிவிடுகின்றன. யாரும் கைதாகவில்லை, ஒரு தடயம் மட்டும் கிடைத்திருக்கிறது என்றால் ‘முக்கியத் தடயம் சிக்கியது’ என்று அளவாக எழுதுங்கள்.

கிரிக்கெட்டில் சுவர் என்பது நிலைத்து ஆடும் ஜோடி. முதல் விக்கெட்டுக்கு 120 ரன் சேர்த்துவிட்ட தொடக்க ஜோடியை ஒரு பந்துவீச்சாளர் பிரித்தால் அதற்குத்தான் அங்கே பிரேக்த்ரூ என்று பெயர். ‘ஜோடியைப் பிரித்தார்’ என்று எழுதினால் முடிந்தது. ‘அணிக்குத் திருப்புமுனை தந்தார்’ என்று எழுதினால் அந்த விக்கெட்டால் ஆட்டத்தின் போக்கே மாறியது என்று ஆகிவிடும். அப்படி மாறியதா என்பதை ஸ்கோரைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பேச்சுவார்த்தைகளில் இழுபறி தீரும், முட்டுக்கட்டை நீங்கும், உடன்பாடு எட்டப்படும். இந்த மூன்றும் ஒன்றல்ல. முட்டுக்கட்டை நீங்கினால் மேற்கொண்டு பேச வழி பிறந்திருக்கிறது, அவ்வளவுதான். வட அயர்லாந்தில் 1998 ஏப்ரல் 10 அன்று எட்டப்பட்ட பெரிய வெள்ளி ஒப்பந்தம் மூன்றாவது வகை. தலைவர்கள் நேரில் சந்திக்கச் சம்மதித்தார்கள் என்ற செய்தி முதல் வகையைக்கூடத் தாண்டாது. ஆங்கிலச் செய்தியாளர் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டிருப்பார். எந்தப் படி என்று பிரித்துச் சொல்லும் பொறுப்பு நம்மிடம் வந்து சேர்கிறது.

சினிமாவில் ஒரு நடிகரின் பிரேக்த்ரூ என்றால் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த படம். ‘திருப்புமுனை’ இங்கே நன்றாகவே பொருந்தும். அந்தச் சொல்லை நான் வெறுக்கவில்லை, அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

சுரங்கத்தில் இந்தச் சொல் உருவகம் ஆவதில்லை. அங்கே அது நிஜமாகவே சுவர். 2023 நவம்பர் 12 அன்று உத்தராகண்டின் சில்க்யாரா சுரங்கப் பாதை இடிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே சிக்கிக்கொண்டார்கள். இடிபாட்டுக்குள் இரும்புக் குழாயைச் செலுத்திக்கொண்டிருந்த துளையிடும் இயந்திரம் பாதியில் உடைந்துபோனது. மிஞ்சிய சில மீட்டரைக் கையால் தோண்டும் தொழிலாளர்கள் குழாய்க்குள் தவழ்ந்துபோய்த் தோண்டினார்கள். நவம்பர் 28 அன்று மறுபக்கம் எட்டியது. அன்றைய ஆங்கிலச் செய்திகள் எல்லாம் பிரேக்த்ரூ என்றன. அந்த நாளில் ‘மீட்புப் பணியில் திடீர் முன்னேற்றம்’ என்று எழுதுவது, 17 நாள் காத்திருந்த குடும்பங்களுக்கு முன்னால் கோப்பு நடையில் பேசுவதைப்போல் ஆகும். ‘கடைசி மண்ணும் அகன்றது, தொழிலாளர்களை எட்டினர்’ என்று எழுதலாம். கண்ணால் காண முடிகிற செயலைச் சொல்லிவிட்டால் போதும்.

நான்காவது: எந்தச் சுவர் இன்னும் நிற்கிறது?

ஒரு சுவர் உடைந்தது என்பதால் ஊர் பிடிபட்டுவிட்டது என்று ஆகாது. சுவிட்சர்லாந்தில் ஆல்ப்ஸ் மலைக்குக் கீழே 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோட்ஹார்ட் ரயில் சுரங்கத்தின் முதல் குழாயில் கடைசிப் பாறை துளைக்கப்பட்டது 2010 அக்டோபர் 15 அன்று. சுரங்கம் திறக்கப்பட்டது 2016 ஜூன் 1 அன்று. இடையில் ஐந்தரை ஆண்டுகள். தண்டவாளம், மின்சாரம், காற்றோட்டம், பாதுகாப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான். அறிவியல் செய்தியில் இந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது, அதனால் அதைச் சொல்லிவைக்க வேண்டும்.

அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் 2022 டிசம்பர் 5 அன்று அணு இணைவுச் சோதனை ஒன்று வெற்றி பெற்றது. லேசான அணுக்கருக்கள் ஒன்றாக இணைந்து ஆற்றலை வெளிவிடுவதுதான் அணு இணைவு. எட்டு நாள் கழித்து அமெரிக்க எரிசக்தித் துறை அதை மாபெரும் பிரேக்த்ரூ என்று அறிவித்தது. ‘வற்றாத மின்சாரம் வந்துவிட்டது’ என்ற தொனியில் உலகெங்கும் தலைப்புகள் ஓடின.

நடந்தது இதுதான். 192 லேசர் கற்றைகள் ஒரு சிறு எரிபொருள் உருண்டையை உள்ளே வைத்த இலக்கின் மீது 2.05 மெகாஜூல் ஆற்றலைப் பாய்ச்சின. அணு இணைவில் 3.15 மெகாஜூல் வெளிவந்தது. உள்ளே போன லேசர் ஆற்றலைவிட வெளியே வந்த ஆற்றல் அதிகம். பல பத்தாண்டுகளாக எட்டாமல் இருந்த எல்லை அது. அந்தச் சுவர் உண்மையிலேயே உடைந்தது, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் அந்த லேசர்களை இயக்க மின் இணைப்பிலிருந்து எடுத்த ஆற்றல் ஏறத்தாழ 300 மெகாஜூல். நம் வீட்டு மீட்டரில் ஓடும் ஒரு யூனிட் என்பது 3.6 மெகாஜூல். அதாவது சோதனையில் கிடைத்தது ஒரு யூனிட்டுக்கும் குறைவு.

இதை வைத்துக்கொண்டு எழுதினால் செய்தி இப்படி அமையும்: ‘செலுத்திய லேசர் ஆற்றலைவிட அதிக ஆற்றலை அணு இணைவில் பெற முடியும் என்று முதன்முறையாக ஆய்வகத்தில் நிரூபணம் ஆகியுள்ளது. மின் உற்பத்திக்கு இன்னும் நெடுந்தூரம் போக வேண்டும்.’ உற்சாகம் குறையவில்லை, பொய்யும் இல்லை. இரண்டாவது வாக்கியத்தை எழுத மறுக்கும் ஆசிரியரிடம் வாதாடுங்கள். அதற்காகத்தான் அந்த எண்களைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

ஐந்தாவது: சொல்வது யார்? வேறு யாராவது செய்து பார்த்தார்களா?

1989 மார்ச் 23 அன்று யூட்டா பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர்கள் மார்ட்டின் ஃபிளைஷ்மனும் ஸ்டான்லி பான்ஸும் செய்தியாளர்களைக் கூட்டி, அறை வெப்பநிலையிலேயே அணு இணைவை நிகழ்த்திவிட்டதாக அறிவித்தார்கள். பிற ஆய்வகங்கள் செய்து பார்த்தன, நம்பத்தக்க விதமாக யாருக்கும் கைகூடவில்லை. 2023 ஜூலையில் தென் கொரிய ஆய்வாளர்கள் எல்.கே.-99 என்ற பொருள் சாதாரண வெப்பநிலையிலேயே மின்தடை இல்லாமல் மின்சாரத்தைக் கடத்துவதாக அறிவித்தபோதும் இதே நிலைதான். அடுத்த சில வாரங்களிலேயே அது மீக்கடத்தி அல்ல என்று வேறு ஆய்வகங்கள் காட்டிவிட்டன. இரண்டு முறையும் பிரேக்த்ரூ என்ற சொல் முதல் நாளிலேயே அச்சேறிவிட்டது.

ஆகவே சோதனை மறுபடி செய்து பார்க்கப்படாத நிலையில் ‘கண்டுபிடித்தனர்’, ‘சாதித்தனர்’ என்ற வினைகளைத் தொடாதீர்கள். ‘கண்டறிந்ததாக அறிவித்துள்ளனர்’ என்பதோடு நில்லுங்கள். இரண்டு சொல் கூடுவதால் பத்தி நிறைந்துவிடாது.

இங்கே ஒரு சட்டச் சொல்லையும் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. சில மருந்துகளுக்கு ‘பிரேக்த்ரூ தெரபி’ என்ற தகுதியை வழங்குகிறது. 2012இல் வந்த சட்டம் இதற்கு இடம் கொடுத்தது. கடுமையான நோய்க்கான மருந்தாக இருந்து, இப்போதுள்ள சிகிச்சையைவிடக் கணிசமாக மேலானது என்று ஆரம்பகட்டச் சோதனைகள் காட்டினால் அந்தத் தகுதி கிடைக்கும். மருந்தின் பரிசீலனை விரைவுபடும், அவ்வளவுதான். அனுமதி கிடைத்துவிட்டது என்று பொருள் அல்ல. மனக்காயத்துக்குப் பிந்தைய அழுத்த நோய்க்கான எம்.டி.எம்.ஏ. என்ற போதைப்பொருளைக் கொண்ட சிகிச்சைக்கு 2017இல் இந்தத் தகுதி கிடைத்தது. 2024 ஆகஸ்டில் எஃப்.டி.ஏ. அதற்கு அனுமதி தர மறுத்துவிட்டது. ‘அதிசய மருந்துக்கு அங்கீகாரம்’ என்று எழுதியிருந்தால் எத்தனை பேர் ஏமாந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ‘விரைவுப் பரிசீலனைத் தகுதி பெற்ற மருந்து’ என்று எழுதுவதே நேர்மை.

சில இடங்களில் இது வெறும் பெயர். 2012இல் தொடங்கிய பிரேக்த்ரூ பரிசு, வேற்றுலகச் சமிக்ஞைகளைத் தேட 2015இல் அறிவிக்கப்பட்ட பிரேக்த்ரூ லிசன் திட்டம் போன்றவற்றை மொழிபெயர்க்க வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள். ‘சயன்ஸ்’ இதழ் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கும் ‘பிரேக்த்ரூ ஆஃப் தி இயர்’ பட்டியலை ‘ஆண்டின் தலையாய அறிவியல் சாதனை’ என்று சொல்லலாம். 2012இல் ஹிக்ஸ் போசான் என்ற நுண்துகளின் கண்டுபிடிப்பும் 2015இல் கிரிஸ்பர் மரபணுத் திருத்தமும் 2020இல் கொரோனா தடுப்பூசிகளும் அந்தப் பெயரைப் பெற்றன.

‘திடீர்’ என்ற சொல்லிடம் எச்சரிக்கை

ஆங்கில அகராதிகள் ‘திடீர்’ என்ற பொருளைத் தருவது உண்மைதான். தமிழில் அந்தச் சொல்லோடு முன் தயாரிப்பு இல்லாதது என்ற வாடையும் சேர்ந்தே வரும். திடீர் சாம்பார், திடீர் பணக்காரர் என்றுதான் நாம் பேசுகிறோம். பிரேக்த்ரூவில் திடீரென்று நடப்பது சுவர் விழுவது மட்டும்தான், இடித்த வேலை திடீரென்று நடந்தது அல்ல.

எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியைப் பாருங்கள். எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று உடலின் செல்லுக்குச் சொல்லும் மூலக்கூறுதான் எம்.ஆர்.என்.ஏ. 2020 டிசம்பரில் அது மக்களுக்குப் போடப்பட்டபோது ஒரே ஆண்டில் முளைத்ததுபோல் பலருக்குத் தோன்றியது. அந்த அவநம்பிக்கையால் ஊசி போட்டுக்கொள்ளத் தயங்கியவர்களும் உண்டு. வெளியிலிருந்து செலுத்தும் எம்.ஆர்.என்.ஏ.வை உடல் எதிரியாக எண்ணி அழற்சியைக் கிளப்பிவிடும் என்பதுதான் நெடுங்காலச் சுவர். அதன் வேதி எழுத்துகளில் ஒன்றைச் சற்றே மாற்றினால் அழற்சி அடங்குகிறது என்று ஆய்வாளர்கள் கட்டலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் காட்டியது 2005இல். அப்போது பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 2023இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2005க்கும் 2020க்கும் இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளை ‘திடீர்’ என்ற ஒரு சொல் விழுங்கிவிடுகிறது. ‘நெடுநாள் முயற்சி கைகூடியது’, ‘இதுவரை தாண்ட முடியாதிருந்த தடை தாண்டப்பட்டது’ என்று எழுதினால் உழைப்பும் தெரியும், வாசகரின் நம்பிக்கையும் கெடாது.

ஆங்கிலத்திலேயே எழுத வேண்டியிருந்தால்

சுருக்கமாகச் சொல்கிறேன். பெயர்ச்சொல்லாக வரும்போது இது ஒரே சொல். வினையாக வரும்போது ‘பிரேக் த்ரூ’ என்று இரண்டு சொல், இறந்தகாலத்தில் ‘ப்ரோக் த்ரூ’. மேகத்தைக் கிழித்துக்கொண்டு சூரியன் எட்டிப் பார்ப்பதற்கும் இந்த வினைதான். பெயர்ச்சொல்லில் அழுத்தம் ‘பிரேக்’ என்ற பகுதியில் விழும், வினையில் ‘த்ரூ’வுக்கு நகரும். எண்ணக்கூடிய பெயர் என்பதால் ஒருமையில் முன்னால் ‘எ’ கட்டாயம் வேண்டும், பன்மையில் ‘பிரேக்த்ரூஸ்’. ‘செய்தார்கள்’ என்று நினைத்துக்கொண்டு ‘டூ’ என்ற வினையைச் சேர்ப்பது நம்மவர்களிடம் அடிக்கடி பார்க்கும் பிழை. ‘மேக்’ அல்லது ‘அச்சீவ்’ என்பதே பொருந்தும். எந்தத் துறையில் என்பதற்கு ‘இன்’. பெயருக்கு முன்னால் அடைமொழியாகவும் நிற்கும்: ‘எ பிரேக்த்ரூ டிஸ்கவரி’. ‘பிரேக்டவுன்’, ‘பிரேக்கப்’, ‘அவுட்பிரேக்’ எல்லாம் ஒரே குடும்பத்துப் பெயர்களாகத் தெரிந்தாலும் பழுதாகிப் போவது, உறவு முறிவது, நோய் பரவத் தொடங்குவது என்று வேறு வேறு திசைக்குப் போகின்றன.

பக்கத்து வீட்டுச் சொற்களையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ‘அட்வான்ஸ்’ என்றால் முன்னேற்றம், அதற்குச் சுவர் தேவையில்லை. ‘மைல்ஸ்டோன்’ என்றால் மைல்கல், போகும் பாதையில் ஓர் அடையாளம். ‘டர்னிங் பாயின்ட்’ என்றால் திருப்புமுனை, அங்கே திசை மாறுகிறது. ‘லீப்’ என்றால் பாய்ச்சல், அங்கே தூரம்தான் கணக்கு. பாய்ச்சல் எப்போதும் நன்மையில் முடிவதும் இல்லை: சீனாவில் 1958இல் தொடங்கிய ‘மாபெரும் முன்னோக்கிய பாய்ச்சல்’ கொடும் பஞ்சத்தில் போய் முடிந்தது. ஐ.ஆர்.8இன் விளைச்சலைப் பாய்ச்சல் என்றும் சொல்லலாம், பயிர் சாயாமல் நின்றதைப் பிரேக்த்ரூ என்றும் சொல்லலாம். எதைச் சொல்ல வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கைப்பழக்கத்துக்குச் சில வாக்கியங்கள்

கீழே உள்ளவை நானே பயிற்சிக்காக அமைத்த சூழ்நிலைகள். பதிலைப் பார்க்காமல் முதலில் நீங்கள் எழுதிப் பாருங்கள்.

நகைக்கடைத் திருட்டில், கண்காணிப்பு கேமராவில் பதிந்த வண்டி எண்ணை வைத்துப் போலீசாருக்கு ஒரு பிரேக்த்ரூ கிடைத்தது. என் பதில்: ‘கேமராவில் பதிந்த வண்டி எண்ணால் துப்பு துலங்கியது.’

ஊதிய உயர்வுப் பேச்சில் பிரேக்த்ரூ இல்லை, நாளை மறுபடி பேசுகிறார்கள். என் பதில்: ‘ஊதிய உயர்வுப் பேச்சில் இழுபறி நீடிக்கிறது, நாளையும் பேச்சு தொடரும்.’ எதிர்மறை வாக்கியத்தை நேர்மறையாகத் திருப்பியதைக் கவனியுங்கள். ‘முன்னேற்றம் ஏற்படவில்லை’ என்பதைவிட இது காதுக்கு இதமாக இருக்கிறது.

மூன்று டோஸ் போட்டுக்கொண்ட செவிலியருக்குப் பிரேக்த்ரூ தொற்று. என் பதில்: ‘மூன்று தவணைத் தடுப்பூசி போட்டுக்கொண்ட செவிலியருக்கும் தொற்று ஏற்பட்டது.’ அந்த ‘உம்’ ஒன்றே வேலையை முடித்துவிடுகிறது.

எலிகளிடம் நடந்த சோதனையில் நினைவாற்றல் இழப்பு குறைந்தது, இது அல்சைமர் ஆய்வில் பிரேக்த்ரூ. என் பதிலில் தலைப்பிலேயே எலி வந்துவிடும்: ‘எலிகளின் நினைவிழப்பைக் குறைத்த மருந்து: மனிதர்களிடம் சோதனை இனிமேல்தான்.’

மெட்ரோ ரயிலுக்காகச் சுரங்கம் தோண்டும் இயந்திரம் அடுத்த நிலையத்தில் பிரேக்த்ரூ அடைந்தது. சென்னையில் எழுதுகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும். ‘சுரங்கம் தோண்டும் இயந்திரம் நிலையத்தின் சுவரைத் துளைத்து வெளியே வந்தது’ என்று எழுதுங்கள். ரயில் எப்போது ஓடும் என்று அடுத்த வரியில் வாசகர் தேடுவார், நிர்வாகம் சொன்ன தேதி இருந்தால் அதையும் சேர்த்துவிடுங்கள்.